பத்து டன் லாரியில் இரண்டு அரிசி: சிலி பயணக் குறிப்புகள்

முதல் நாள், 2025 மே 13, செவ்வாய். சாண்டியாகோ

கோவையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று விமானம் மாறி சிலியின் தலைநகருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம், நானும் மகளும். இந்த நாட்டில் உணவுப் பொருள் சோதனை ரொம்பக் கறார். பருப்புப் பொடி கொண்டு வந்திருப்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார், மூடிக் கொடுத்துவிட்டார்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நான் தராசு பழுது பார்ப்பவன். நகைக்கடைத் தராசு, மளிகைக்கடைத் தராசு, லாரி ஏறி நிற்கும் எடைமேடை எல்லாம் பார்ப்பேன். 2016 ஆகஸ்டில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா சென்டாரியைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாகப் பேப்பரில் செய்தி வந்தது. பூமியைப் போலக் குறைந்தது 1.3 மடங்கு நிறை என்று போட்டிருந்தார்கள். அப்போது என் மகள் ஏழாம் வகுப்பு. "அப்பா, அங்க யாருமே போனதில்லையே. எப்படி எடை போட்டாங்க?" என்று கேட்டாள். தராசுக்காரன் மகள் கேட்கிற கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து படித்து வருகிறோம். இந்த ஆண்டு அவள் இயற்பியலில் பட்டம் முடித்தாள். எடை போட்ட இடத்தையே நேரில் பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள், புதன். லா செரினா

வடக்கே 470 கிலோமீட்டர் பேருந்து. இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை; போகப் போகப் பச்சை குறைந்து முள்ளுச்செடியும் கள்ளியும் மட்டும் மிஞ்சின. சாயங்காலம் ஊருக்குள் வந்தபோது கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி தெருவிளக்கு வரை மூடியிருந்தது. இதற்கு இங்கே கமன்சாக்கா என்று பெயர். இப்படி மூடுகிற ஊரிலா வானம் பார்ப்பார்கள் என்று முதலில் தோன்றியது. மூட்டம் கீழேயே தங்கிவிடுகிறது, மலைக்கு ஏறுவதில்லை. தொலைநோக்கிகள் எல்லாம் அதற்கு மேலே இருக்கின்றன.

இந்த ஊர்ப் பப்பாளி நம்மூர்ப் பப்பாளி இல்லை. கை அளவுதான் இருக்கும், பச்சையாகத் தின்ன முடியாது. வேகவைத்துப் பாகில் போட்டுத் தருகிறார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள், வியாழன். விக்குன்யா

எல்க்கி பள்ளத்தாக்கில் விக்குன்யா என்று ஒரு சின்ன ஊர். 1945இல் இலக்கிய நோபல் வாங்கிய கவிஞர் காப்ரியேலா மிஸ்த்ரால் பிறந்த ஊர். ஊருக்கு வெளியே குன்றின்மேல் பொதுமக்களுக்கென்றே மாமல்யூக்கா என்ற வானாய்வுக்கூடம் இருக்கிறது. பௌர்ணமி முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது, எட்டு மணிவாக்கில் நிலா எழுந்துவிடும். அதற்கு முன்னால் பார்த்துவிடவேண்டும் என்று ஏழு மணிக்கே போய்விட்டோம்.

தென்சிலுவை உயரத்தில் இருந்தது. நம்மூரில் அடிவானத்தை ஒட்டித் தேடிப் பிடிக்கவேண்டிய நான்கு விண்மீன்கள், இங்கே தலையைத் தூக்கிப் பார்க்கிற இடத்தில். அதற்குக் கீழே தென்கிழக்கில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். ஒன்று கொஞ்சம் மஞ்சள், அதுதான் ஆல்ஃபா சென்டாரி. வழிகாட்டி தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினார். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் மஞ்சள், ஒன்று சற்று மங்கல். மகள் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பாட்டி பொறுமையாகக் காத்திருந்தார்.

புராக்சிமா இந்த இரண்டுக்கும் உறவுக்காரன், மூன்றாவது ஆள். சற்றுத் தள்ளி இருக்கிறது. 4.24 ஒளியாண்டுதான் தூரம், ஆனாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத செங்குள்ளன் அது, அதாவது சின்ன, மங்கலான சிவப்பு விண்மீன். நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் விண்கலம் அந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தால், போய்ச் சேர ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். பக்கத்து வீடு இவ்வளவு தூரத்தில் இருக்கிறது. அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதை இங்கே நின்றுகொண்டே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

வழிகாட்டி தொலைநோக்கியைத் தெற்கே சற்று நகர்த்தி, "இதற்குள் எங்கோ இருக்கிறது" என்று சைகையால் காட்டினார். புள்ளி புள்ளியாக மங்கல் விண்மீன்கள். எது அது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்றைச் சுற்றி ஒரு கல் உருண்டை 11 நாளுக்கு ஒரு முறை சுற்றிவருகிறது.

ஐந்தாம் நாள், சனி. லா சீயா

இன்றைக்கு விளக்கமாகவே எழுதப்போகிறேன். இதற்காகத்தான் வந்தோம்.

லா சீயா என்றால் சேணம். மலை அந்த வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். ஐரோப்பியத் தென்வான ஆய்வகம் இங்கே 1969இல் திறப்புவிழா நடத்தியது. 2,400 மீட்டர் உயரம். லா செரினாவிலிருந்து வாடகைக் காரில் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் வடக்கே போய், வலதுபக்கம் பிரிந்து மலை ஏறினோம். வீடு இல்லை, கடை இல்லை, மின்கம்பிகூட அரிதாகத்தான். சனிக்கிழமை மதியம் மட்டும் பொதுமக்களை விடுகிறார்கள், கட்டணம் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். இரவில் யாரையும் தங்கவிடுவதில்லை, கார் விளக்கு வெளிச்சம்கூட அங்கே ஆகாது.

கடைசி வளைவில் திரும்பியதும் முதுகெலும்பு மாதிரி நீண்ட மலைமுகடு, அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். எல்லாவற்றுக்கும் உயரத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய கூண்டு. 1976இல் முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. இப்போது இதைவிடப் பெரிய தொலைநோக்கிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் இதற்குக் கீழே 2003இல் வைத்த ஒரு கருவிதான் இந்தக் கிழவனை உலகத்துக்கே தேவைப்படும் ஆளாக்கியது. பெயர் ஹார்ப்ஸ். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிற கருவி.

அதை நாங்கள் பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பீப்பாய்க்குள் இருக்கிறது, பீப்பாய் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குள் நிற்கவேண்டும். மேலே தொலைநோக்கி பிடித்த ஒளி, கண்ணாடி இழை வழியாக அதற்குள் இறங்குகிறது.

கேட்டதும் எனக்கு நகைக்கடை ஞாபகம் வந்தது. தங்கம் நிறுக்கிற தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். நான் சரி பார்க்கப் போனால் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன், ஏசியைத் தணிக்கச் சொல்வேன், தட்டின்மேல் யாரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொள்வேன். மூச்சுக்காற்றே ஒரு மில்லிகிராம் காட்டும். இங்கே அதே கவலையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி ஒரு மலை உச்சியில் வைத்திருக்கிறார்கள்.

சரி, எப்படி எடை போட்டார்கள்? கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்போம். விண்மீனும் சும்மா நிற்பதில்லை. கோள் இழுக்கிற இழுப்பில் அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. கோளின் ஒளி விண்மீனின் ஒளிக்குள் அமிழ்ந்துபோகும், பார்க்க முடியாது. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரிகிற நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் ஒரு மயிரிழை நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். அந்த மயிரிழையைத்தான் அளக்கிறார்கள். புராக்சிமாவின் ஆட்டம் நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூட இல்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் காலையில் நடைப்பயிற்சி போகிற வேகம். ஒரு விண்மீன் அந்த வேகத்தில் ஐந்தாறு நாள் நம் பக்கம் நடந்து, அடுத்த ஐந்தாறு நாள் திரும்பி நடக்கிறது. நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதைக் கண்டுகொண்டார்கள்.

ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டு இது எவ்வளவு சின்ன அளவு என்று காரில் வரும்போது கணக்குப் போட்டோம். எனக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். பத்து டன் லாரி எடைமேடையில் நிற்கிறது. அதில் யாரோ இரண்டு அரிசி மணியைப் போடுகிறார்கள். எடை ஏறியிருக்கிறது என்று மேடை சொல்லவேண்டும். நான் பழுது பார்க்கிற எடைமேடைகள் ஐந்து கிலோ, பத்து கிலோ படியில்தான் காட்டும்.

அதுவும் மேடை ஆடாமல் நின்றால் சரி. இங்கே அளக்கிறவர்கள் நிற்கிற பூமியே நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது, தன்னைத்தானே வேறு சுற்றிக்கொள்கிறது. அதையெல்லாம் ஒவ்வொரு முறையும் நொடிச் சுத்தமாகக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்திவிட்டு எண்ணெய் ஊற்றி நிறுப்பது போல. நம் எடையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அந்த விண்மீனுடையது. தராசு தப்புக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் வேண்டுமே. அதற்கு ஒரு தோரியம் விளக்கு வைத்திருக்கிறார்கள். விண்மீனின் கோடுகளுக்குப் பக்கத்திலேயே விளக்கின் கோடுகளும் விழும்.

2016இல் ஜனவரி நடுவில் ஆரம்பித்து மார்ச் முடிய, பெரும்பாலான இரவுகளில் இந்தத் தொலைநோக்கி புராக்சிமாவைப் பார்த்தது. அதற்குப் பல ஆண்டு முன்பே பழைய பதிவுகளில் ஏதோ இருப்பது போலத் தெரிந்திருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்தார்கள். கியெம் அங்லாதா எஸ்குதே தலைமையிலான குழு இப்படித் தொடர்ந்து அளந்த பிறகுதான் 11.2 நாள் என்ற சுற்று தெளிவாக எழுந்து நின்றது.

"குறைந்தது 1.3 மடங்கு" என்று ஏன் சொன்னார்கள் என்பதும் இங்கேதான் எனக்கு முழுசாக விளங்கியது. கோளின் பாதை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று தெரியாது. நம் பக்கம் நேராக வருகிற ஆட்டம்தான் கணக்கில் விழும், பக்கவாட்டு ஆட்டம் விழாது. சாய்ந்த தரையில் தராசை வைத்தால் எடை குறைத்தே காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாது. அதற்காகத்தான் தராசின் காலடியில் ரசமட்டக் குமிழி வைத்திருக்கிறது. இந்த விண்மீனுக்குக் குமிழி இல்லை. ஆகவே "இதற்குக் குறையாது" என்று மட்டும் சொன்னார்கள். மகளிடம் சொன்னேன். "இதை ஒன்பது வருசம் முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்ப்பா" என்றாள்.

முகட்டின் மறுபக்கம் சுவிட்சர்லாந்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, ஆய்லர் என்று பெயர். ஜெனீவாக்காரர்களுக்கு இந்த வேலையில் பழைய உரிமை உண்டு. மிஷெல் மேயரும் அவருடைய மாணவர் டிடியே கெலோவும் 1995இல் தெற்கு பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்திலிருந்து, சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டுபிடித்தார்கள். 51 பெகாசி பி. வியாழனில் பாதி நிறை, ஆனால் நான்கே நாளில் ஒரு சுற்று. வியாழனுக்கு ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. இவ்வளவு பெரிய கோள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அப்போது மிகக் குறைவு. இருவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது. ஹார்ப்ஸைக் கட்டியதும் மேயரின் குழுதான்.

அப்புறம் டிராப்பிஸ்ட் தொலைநோக்கி. இதைத் தேடிப்போய்ப் பார்த்தேன். இந்த மலையில் இருப்பதிலேயே சின்னதுகளில் ஒன்று. கண்ணாடி 60 சென்டிமீட்டர்தான், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடச் சின்னது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்தே இயக்குகிறார்கள், பக்கத்தில் ஆள் இல்லை. மிகாயேல் கியோன் குழு இதை வைத்துத்தான் 40 ஒளியாண்டு தூரத்தில் ஒரு குட்டி விண்மீனைச் சுற்றும் கோள்களை முதலில் பிடித்தது. 2017 பிப்ரவரியில் மொத்தம் ஏழு என்று அறிவித்தார்கள். ஏழும் ஏறத்தாழப் பூமி அளவு. மிகக் கிட்டத்தில் உள்ளதற்கு ஆண்டு ஒன்றரை நாள், மிகத் தள்ளி உள்ளதற்குப் பத்தொன்பது நாள்.

இது வேறு வகைத் தராசு. கோள் விண்மீனுக்கு முன்னால் குறுக்கே போகும்போது வெளிச்சம் குறைவதை அளப்பது. சூரியனுக்கு முன்னால் பூமி கடந்து போவதை வேறெங்கிருந்தோ பார்த்தால், ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஒரு பவுன் எட்டு கிராம் தங்கத்தில் முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு. நல்ல நகைக்கடைத் தராசே திணறும். டிராப்பிஸ்ட்டின் விண்மீன் வியாழனைவிடச் சற்றுத்தான் பெரியது. அதனால் பூமி அளவுக் கோள் கடந்தாலும் பவுனில் ஐம்பது, அறுபது மில்லிகிராம் குறைகிற மாதிரி. அதை 60 சென்டிமீட்டர் கண்ணாடியே பார்த்துவிடும். பெரிய தராசு கட்டுவதற்குப் பதில் சின்ன விண்மீனைத் தேடிப் போனார்கள். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை.

கிளம்பும்போது வழிகாட்டி இன்னொன்று சொன்னார். இந்த மலைச்சரிவில் பாறைகளில் கீறிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன, எல் மோயே என்ற பழங்குடிப் பண்பாட்டினர் போட்டவை. அதைப் பார்க்க நேரம் இல்லை. ஐந்து மணிக்குள் இறங்கியாகவேண்டும்.

ஆறாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை. லா செரினா

அடுத்து பாரனால், இன்னும் வடக்கே பாலைவனத்தில் உள்ள இன்னொரு தொலைநோக்கி மலை. அங்கேயும் பார்வையாளர் நாள் சனிக்கிழமைதான், ஆகவே நடுவில் நேரம் கிடக்கிறது. காலையெல்லாம் மூட்டம். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று ஒரு நண்பர் கேட்டு எழுதியிருந்தார்: "போன மாதம் உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாமே?" கே2-18பி என்ற கோளைச் சொல்கிறார். 124 ஒளியாண்டு தூரம். கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் சாயல் தெரிவதாக ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. அவர்களே சொன்ன உறுதி 'மூன்று சிக்மா'. தற்செயலாகவும் இப்படித் தெரிந்திருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று பொருள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும். வேறு குழுக்கள் அதே பதிவுகளை எடுத்துப் பார்த்து, சாயலே தெரியவில்லை என்று எழுதத் தொடங்கிவிட்டன. நண்பருக்கு என் பதில் இதுதான்: அளவு வந்திருக்கிறது, முத்திரை இன்னும் வைக்கவில்லை. அவர்கள் தேடுவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் முத்திரை வைக்காத தராசில் தங்கம் வாங்கமாட்டேன்.

புராக்சிமாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில், புராக்சிமாவின் திசையிலிருந்து 982 மெகாஹெர்ட்சில் ஓர் அலை பதிவானது. இயற்கையில் அப்படி ஒரே அலைவரிசையில் மெல்லிசாக வருவதில்லை. ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. அதே மாதிரித் துடிப்புகள் வேறு அலைவரிசைகளிலும், புராக்சிமா பக்கம் பார்க்காத நேரத்திலும் இருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். 2021இல் வெளியிட்ட முடிவு, அது மனிதர்களின் ஏதோ ஒரு மின்கருவியின் இரைச்சல் என்பது. திரும்பவும் 'டேர்'. நம்மைக் கழிக்காமல் அவர்களை நிறுக்க முடியாது.

ஒன்பதாம் நாள், புதன். அந்தோஃபகஸ்தா

இரவெல்லாம் பேருந்து. விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு புல்கூட இல்லை. இன்று மே 21, இங்கே கடற்படை நாள், விடுமுறை. கடை பெரும்பாலும் அடைப்பு. ஒரு பெட்டிக்கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் கிடைத்தது. பருப்புப் பொடி கைகொடுத்தது.

பதினோராம் நாள், வெள்ளி. பாலைவனம்

ஒரு வாடகை வண்டி பேசிக்கொண்டு பான் அமெரிக்கன் சாலையில் தெற்கே போனோம். 75 கிலோமீட்டரில் மணலிலிருந்து ஒரு பெரிய கை எழுந்து நிற்கிறது, பதினோரு மீட்டர் உயரம். மாரியோ இராராசாபால் என்ற சிற்பி 1992இல் செய்தது. படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

நான் பார்க்க விரும்பியது அந்தக் கையைச் சுற்றியிருந்த மண்ணை. இந்தப் பக்கம்தான் யுங்காய் என்ற இடம் இருக்கிறது. செவ்வாய்க் கோளுக்குப் பூமியில் உள்ள நெருங்கிய சாயல் என்று ஆய்வாளர்கள் சொல்கிற மண். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கிப் பார்த்துவிட்டு, உயிர்ச்சேர்மம் எதுவும் கிடைக்கவில்லை என்றன. 2003இல் ரஃபேல் நவாரோ கோன்சாலெசும் கிறிஸ் மெக்கேயும் இன்னும் சிலரும் யுங்காய் மண்ணில் அதே வகைச் சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். வைக்கிங் இங்கே இறங்கியிருந்தாலும் வெறுங்கையோடுதான் போயிருக்கும் என்பது முடிவு. பூமியிலேயே உயிரைத் தவறவிடுகிற தராசு!

ஆனால் உயிர் இருந்தது. 2006இல் உப்புக்கட்டிகளுக்குள் கண்டார்கள். எங்கள் ஓட்டுநருக்கு அது தெரிந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஏற்கனவே உடைந்து கிடந்த ஓர் உப்புப் பாளத்தை எடுத்துக் காட்டினார். வெளிப்பக்கம் அழுக்கு வெள்ளை, கையை அறுக்கிற அளவுக்குக் கூர்மை. உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பினார். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே, பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு சாம்பல் பச்சை. பாசி வகை நுண்ணுயிர். மழை என்பதே தெரியாத இடத்தில், இரவுக் காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு அதை உறிஞ்சி ஒரு துளி நீராக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடி கசிகிறதே, அதேதான். அந்தக் கசிவில் இவை குடியிருக்கின்றன. மேலே இருக்கிற உப்பு கடும் வெயிலைத் தடுத்து, வேண்டிய வெளிச்சத்தை மட்டும் விடுகிறது.

மகள் அந்தப் பச்சைக் கோட்டின்மேல் விரலை வைக்காமல், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாளத்தை எடுத்த இடத்திலேயே அதே பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள், சனி. பாரனால்

2,635 மீட்டர். மலையின் உச்சியை வெட்டிச் சமதளமாக்கி நான்கு பெரிய தொலைநோக்கிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியும் 8.2 மீட்டர். பெயர்கள் சிலியின் பழங்குடியினரான மாபுச்சேக்களின் மொழியில்: ஆன்டு சூரியன், கூயென் நிலா, மெலிபால் தென்சிலுவை, யேபுன் வெள்ளி. சுக்கிகமாத்தா சுரங்க ஊரைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் கட்டுரைப் போட்டியில் எழுதி வைத்த பெயர்கள்.

தலைக்கவசம் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணாடியின் கனம் 18 சென்டிமீட்டர்கூட இல்லை, எடையோ இருபது டன்னுக்கு மேல். தானாக விட்டால் தன் எடையிலேயே வளைந்துவிடும். ஆகவே அடியில் 150 தாங்கிகள், ஒவ்வொன்றும் கணினி சொல்கிறபடி தள்ளியும் தளர்ந்தும் வடிவத்தைக் காக்கின்றன. எடைமேடைக்கு அடியில் நான் மாட்டுகிற, எடையை உணரும் லோடு செல் ஆறோ எட்டோ இருக்கும். நான் குனிந்து குனிந்து பார்த்ததில் வழிகாட்டிக்கே ஆச்சரியம். எந்தத் துறை என்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, தாங்கிகளைப் பற்றி எனக்காக இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

யேபுனை வைத்துத்தான் 2004இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளை முதன்முதலாக நேரடியாகப் படம் பிடித்தார்கள். மங்கலான நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்கு அடியில் நின்றபோது ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

நான்கின் ஒளியும் நிலத்துக்கு அடியில் ஓர் அறைக்குப் போகிறது. அங்கே எஸ்பிரெசோ இருக்கிறது, ஹார்ப்ஸின் அடுத்த தலைமுறை. 2022இல் அது புராக்சிமாவுக்கு இன்னொரு கோளைக் காட்டியது. ஐந்து நாளில் ஒரு சுற்று, பூமியில் குறைந்தது கால் பங்கு நிறை. விண்மீனின் ஆட்டம் நொடிக்கு 40 சென்டிமீட்டர்தான். குழந்தை தவழ்கிற வேகம். லாரியில் இப்போது இரண்டு அரிசி இல்லை, பாதி அரிசியைச் சற்றுத் தாண்டும். நம் பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நம்மைப் போன்ற ஓர் இடத்தை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியும். தடை இப்போது கருவியில் மட்டும் இல்லை. விண்மீனின் மேற்பரப்பே சோற்றுப்பானை மாதிரி கொதித்துக்கொண்டு அதைவிட அதிகமாக ஆடுகிறது. கொதிக்கிற பானையை நிறுத்த முடியாது. கொதிப்பைப் படித்துக் கழிக்கப் பழகுகிறார்கள்.

எதிரே ஆர்மசோனெஸ் மலை, 3,046 மீட்டர். அதன் உச்சியில் பிரம்மாண்டமான குவிமாடம் எழுந்துகொண்டிருக்கிறது. 39 மீட்டர் கண்ணாடி, 798 அறுகோணத் துண்டுகள் சேர்த்தது. பக்கத்து விண்மீன்களைச் சுற்றும் கல் கோள்களின் காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று பார்ப்பது அதன் பெரிய வேலைகளில் ஒன்று.

ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த மலையிலிருந்து ஐந்து முதல் பதினோரு கிலோமீட்டருக்குள் 3,000 ஹெக்டேருக்கு மேல் ஒரு பெரிய தொழில் வளாகம் கட்ட 2024 டிசம்பரில் அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். பசுமை ஹைட்ரஜன் தயாரிப்பு. நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்தால் இங்கே வானத்தின் ஒளிமாசு குறைந்தது 35 சதவீதம் கூடும் என்று ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. ஹைட்ரஜனை வேறு இடத்தில் செய்யலாம், இந்த இருட்டை வேறு இடத்தில் செய்ய முடியாது. தராசு அறையில் யாரோ விசிறியைப் போடுகிற மாதிரி எனக்குப் பதறுகிறது. (பின்னர், 2026இல், இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.)

ஊழியர் தங்கும் விடுதி பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஈரமும் செடிகளும். பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் வெளியே போகாமல் மூடிவிடுவார்களாம். எங்களையும் அதற்குள் கிளப்பிவிட்டார்கள்.

இறங்கி வெகுதூரம் வந்தபிறகு, சாலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தோம். அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கிறது, நிலா விடிகாலையில்தான் வரும். கொஞ்ச நேரத்தில் மகளின் முகம் விண்மீன் வெளிச்சத்திலேயே மங்கலாகத் தெரிந்தது.

"அப்பா, அந்த மஞ்சள் இருக்குல்ல, நம்ம வீட்டு மாடியில இருந்து தெரியுமா?"

"தெரியும் கண்ணு. இந்த மாசம் ராத்திரி பத்தரைக்கு, நேர் தெற்கே. ஒரு பதினெட்டு டிகிரி உயரத்துல."

"அம்மாகிட்டச் சொல்லட்டுமா?"

ஊரில் அப்போது அதிகாலை ஐந்து. செய்தி மட்டும் அனுப்பி வைத்தாள்.

பதின்மூன்றாம் நாள், ஞாயிறு. அந்தோஃபகஸ்தா விமான நிலையம்

மதியம் ஒரு மணி. சாண்டியாகோ விமானத்துக்குக் காத்திருக்கிறோம். வீட்டிலிருந்து மனைவி இப்போதுதான் அழைத்தாள். மொட்டைமாடியில் நிற்கிறாளாம். மேகம் விலகி விலகி வருகிறதாம்.

"ஏனுங்க, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேல ரெண்டு தெரியுது. எதுங்க அது?"

"இடது பக்கம் இருக்கிறது. கொஞ்சம் மஞ்சளா இருக்கும் பாரு."

"ஆமா, மஞ்சளாத்தான் இருக்குது. அந்தக் கோளுங்க?"

"அதுக்குக் கீழே, கொஞ்சம் வலது பக்கமா. கண்ணுக்குத் தெரியாது."

"சரிங்க," என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.